ஆங்கிலவழியில் பிள்ளை, ஆங்கிலம் அறியாப் பெற்றோர்: வீடு செய்யக்கூடியதும் பள்ளி செய்யவேண்டியதும்

வேலை முடித்துத் திரும்பிய தாயிடம் ஏழு வயதுப் பிள்ளை பள்ளி டைரியை நீட்டுகிறது. சிவப்பு மையில் ஆங்கிலத்தில் நான்கு வரிகள், அவற்றின் கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஓர் இடம். "என்னடா எழுதியிருக்காங்க?" என்று தாய் கேட்கிறார். "சும்மா கையெழுத்துக் கேட்டாங்கம்மா" என்கிறது பிள்ளை. அவரும் போட்டுக் கொடுக்கிறார். பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை, வீட்டில் கவனியுங்கள் என்பதுதான் அந்த நான்கு வரி. தன்மீது எழுதப்பட்ட புகாருக்குத் தானே மொழிபெயர்ப்பாளராக இருக்கும் நிலையில் அப்பிள்ளை நிறுத்தப்பட்டிருக்கிறது. மூன்று மாதங்கள் கழித்துத் தாயை வரவழைக்கும் பள்ளி, "எத்தனை முறை எழுதி அனுப்பினோம், நீங்கள் கண்டுகொள்ளவேயில்லை" என்று குற்றஞ்சாட்டும்.

நம் குடியிருப்புகளில் அன்றாடம் நிகழும் இந்தச் சிறு நிகழ்வில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. ஆங்கிலம் அறியாத பெற்றோர் பிள்ளையின் படிப்புக்கு என்ன செய்ய முடியும் என்பது ஒன்று. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதை நன்கறிந்தே பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட பள்ளி என்ன செய்தாக வேண்டும் என்பது மற்றொன்று. பெற்றோருக்கான அறிவுரைகள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதற்கு விடை சொன்னால், பள்ளியின் குறையைக் கூலித் தொழிலாளியின் தலையில் ஏற்றிவைத்ததாகவே முடியும்.

ஆங்கிலவழியைத் தேர்ந்தெடுத்தது சரியா என்ற விவாதத்துக்குள் இக்கட்டுரை செல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஒடுக்கப்பட்டோர் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று கவிதை எழுதியவர் சாவித்திரிபாய் புலே. 2010ஆம் ஆண்டு உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்திலுள்ள பாங்கா கிராமத்தில் தலித் மக்கள் ஆங்கிலத்தை ஒரு தேவியாக உருவகித்துக் கோயில் எழுப்பத் தொடங்கினர். பயிற்றுமொழியைப் பிள்ளையின் சார்பில் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கே உண்டு, அரசு தாய்மொழியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2014 மே 6 அன்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் 2012-13 கல்வியாண்டு முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. தேர்வு நடந்து முடிந்துவிட்டது. தேர்ந்த பின் என்ன என்பதே இன்று நம் வீடுகளின் சிக்கல்.

வேறொரு நாட்டின் வழக்கு இங்கே நினைவுகூரத்தக்கது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீனக் குழந்தைகள் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டு, ஒரே புத்தகத்தைப் பெற்று, ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தனர். அனைவருக்கும் ஒரே வகுப்பும் ஒரே புத்தகமும் கொடுத்துவிட்டோம், இதில் பாகுபாடு எங்கே என்று கேட்டது நிர்வாகம். 1974இல் லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. மொழி விளங்காத பிள்ளைக்கு அதற்கான உதவியைச் செய்யாமல் ஒரே பாடத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்றது. அதன் அடிப்படை, கறுப்பின மக்களின் போராட்டத்தால் பிறந்த 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம். பெற்றோருக்கு அனுப்பும் அறிவிப்பு போதுமானதாக இருக்க வேண்டுமெனில் அது ஆங்கிலம் அல்லாத மொழியிலும் தரப்பட வேண்டியிருக்கலாம் என்று அந்நாட்டு நிர்வாகம் 1970லேயே சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. மொழி விளங்காமை பிள்ளையின் குறைபாடாக அல்லாமல் உரிமைச் சிக்கலாக அங்கே பார்க்கப்பட்டது. அந்தப் பார்வை நமக்கும் தேவை.

வீட்டில் பேச வேண்டிய மொழி

"வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்பது ஆசிரியர்கள் தாராளமாக வழங்கும் அறிவுரை. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் அது தவறான அறிவுரை. ஆங்கிலம் பேச வராத தாய் இதைக் கேட்டதும் ஆங்கிலம் பேசத் தொடங்குவதில்லை, பிள்ளையோடு பேசுவதையே குறைத்துக்கொள்கிறார். கட்டளைச் சொற்கள் நான்கும் அரைகுறை வாக்கியங்களும் மட்டுமே மிஞ்சுகின்றன. பிள்ளை நாளெல்லாம் கேட்டு வளரவேண்டிய கதையும் காரணமும் கேலியும் கணக்கும் நின்றுபோகின்றன.

இரண்டாம் மொழியில் கற்கும் குழந்தைகளைப் பற்றிக் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். புதிய மொழியில் அன்றாட உரையாடலுக்குப் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பழகிவிடுகின்றனர். அம்மொழியில் பாடநூலைப் படித்து, காரணம் கண்டு, விளக்கி எழுதும் திறன் வருவதற்கோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. தெருவிலும் கடையிலும் ஆங்கிலம் ஒலிக்கும் நாட்டில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றிய கணக்கு இது. வகுப்பறையைத் தாண்டினால் ஆங்கிலம் கேட்க வாய்ப்பில்லாத நம் பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடுதல் காலம் ஆவதில் வியப்பில்லை. இரண்டாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையை 'மக்கு' என்று முத்திரை குத்தும் ஆசிரியர் இக்கணக்கை அறியாதவர்.

கம்மின்ஸ் வலியுறுத்தும் மற்றொரு செய்தி நமக்கு இன்னும் முதன்மையானது. ஒரு மொழியில் வளர்ந்த சிந்தனை மற்றொரு மொழிக்குக் கடந்து செல்லும். தமிழில் 'ஏன்', 'எப்படி' என்று கேட்டு விடை காணப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்தில் அவற்றுக்கான சொற்களை மட்டும் கற்றால் போதும். எந்த மொழியிலும் அப்பழக்கம் வாய்க்காத பிள்ளை ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். ஆகவே வீட்டில் தமிழ் பேசுவது ஆங்கிலத்துக்குத் தடையன்று. நிறையப் பேசுவதும், பிள்ளையைப் பேசவிடுவதும், கேட்ட கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்வதுமே படிப்புக்கான அடித்தளம்.

புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்

பிள்ளைக்குப் பாடம் விளங்கியிருக்கிறதா என்பதை ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாமலேயே கண்டறிய முடியும். அன்று நடந்த பாடத்தைப் பிள்ளை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டட்டும். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "இப்ப நம்ம பாஷையில சொல்லு" என்று கேட்க வேண்டும். சொல்ல முடிந்தால் பாடம் விளங்கியிருக்கிறது. கடகடவென்று வாசித்த பிள்ளை வாயடைத்து நின்றால் அது நெட்டுரு. எழுத்தைக் கூட்டி ஒலிக்கும் திறனையே படிப்பென்று நம்பி எத்தனையோ வீடுகள் ஏமாந்திருக்கின்றன. பக்கம் பக்கமாக ஆங்கிலம் வாசிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு, தான் வாசித்தது மழையைப் பற்றியா மண்ணைப் பற்றியா என்று தெரியாத நிலை அரிதானதன்று.

பிள்ளை தமிழில் சொல்லத் தொடங்கியதும் பெற்றோரின் அறிவு பயன்படத் தொடங்குகிறது. பாடநூலிலுள்ள எத்தனையோ செய்திகள் உழைக்கும் மக்கள் கையால் அறிந்தவை. கட்டடத்துக்கு வானம் தோண்டுமுன் மூலைமட்டம் பார்க்கும் கொத்தனார், ஒருபக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறுக்கே 5 அடி வருகிறதா என்று நூல் பிடிக்கிறார். வந்தால் மூலை சரி. மகளின் கணக்குப் புத்தகத்தில் பிதாகரஸ் தேற்றம் என்ற பெயரில் இருப்பது இதுவே. பின்னம் என்ற பாடத்துக்குக் கால், அரைக்கால், முக்கால் தெரிந்த பாட்டி போதும். நாற்று விட்டு நட்டுக் களை பறித்த தாய்க்கு முளைப்பதும் வேர்விடுவதும் தெரியும். உப்பளத் தொழிலாளிக்கு ஆவியாதலை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "இது உங்க ஆங்கிலத்துல என்ன பேரு?" என்று பெற்றோர் கேட்க, பிள்ளை தேடிக் கண்டுபிடித்துச் சொல்லும்போது அச்சொல்லின் பின்னால் ஒரு பொருள் வந்து நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தொழிலறிவைப் பாராட்டுகிறோம் என்ற பெயரில் சாதித் தொழிலைப் பிள்ளைகள் தலையில் கட்டிய வரலாறு நமக்குண்டு. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம், பாதி நாள் பள்ளியிலும் மீதி நாள் பெற்றோர் தொழிலிலும் பிள்ளைகள் கழிக்க வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று கடும் எதிர்ப்புக்குள்ளாகி 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. நாம் பேசுவது அதற்கு நேர் எதிரானது. கரணையைப் பிள்ளை கையில் கொடுப்பதற்காக அன்று, கரணை பிடித்தவரின் மூளையில் இருப்பதும் வடிவியல்தான் என்று பிள்ளை அறிவதற்காகவே. தன் வீட்டில் அறிவு இல்லை என்று நம்பிப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை பாதி தோற்றே செல்கிறது.

தமிழ்வழிப் பாடநூலையும் ஆங்கிலவழிப் பிள்ளையின் வீட்டில் வாங்கி வைப்பது பெரிதும் பயன்தரும். மாநிலப் பாடத்திட்டத்தில் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் நூல்கள் இரு மொழிகளிலும் ஒரே பாடங்களோடு வெளிவருகின்றன. இணையத்தில் அவற்றை விலையின்றித் தரவிறக்கலாம். தமிழ் வாசிக்கத் தெரிந்த தாயோ அண்டை வீட்டு அக்காவோ இரண்டு நூல்களையும் அருகருகே விரித்து வைத்துப் பிள்ளையோடு உட்காரலாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இப்பாடங்களின் வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஆங்கில வினா விளங்காதபோது தமிழ் வினாவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு ஆங்கிலவழி மாணவருக்கும் உண்டு. ஆனால் 'ஒளிச்சேர்க்கை', 'நாற்கரம்' போன்ற சொற்களைப் படித்துப் பழகிய பிள்ளைக்கே அவ்வாய்ப்பு பயன்படும். தமிழ்ப் பாடத்தில் தேர்ச்சி மதிப்பெண் வாங்கினால் போதும் என்று விட்டுவிடுகிற வீடுகள் இதை இழக்கின்றன.

ஆங்கில எழுத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, சொல்லுக்குள் அது தரும் ஒலி வேறு. எழுத்து வரிசையைப் பாட்டாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஒலிகள் தெரியாமல் இருக்கலாம். எந்த எழுத்து என்ன ஒலி தரும் என்று வகுப்பில் கற்பிக்கப்படுகிறதா என ஆசிரியரிடம் கேட்க வேண்டும். வீட்டில் பிள்ளை ஆசிரியராகவும் தாய் மாணவராகவும் மாறி நாளுக்கு நான்கு சொற்கள் படிக்கலாம். பிள்ளைகள் இந்த விளையாட்டை விரும்புவார்கள், பிறருக்குக் கற்பிப்பவர் தாமும் தெளிவாகக் கற்பார்கள். தாய்க்கும் நான்கு சொற்கள் சேரும்.

இடமும் நேரமும் பற்றி எல்லாரும் சொல்வார்கள். ஒற்றை அறை வீட்டில் படிக்கும் இடம் எது என்று கேட்டால் விடை இருக்காது. மும்பை பரேல் பகுதியில் ஒரே அறையில் சமையலும் உறக்கமும் படிப்புமாக வாழ்ந்த குடும்பத்தில்தான் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர் அம்பேத்கர் படித்தார். தந்தை ராம்ஜி சக்பால் மகனை முன்னிரவில் உறங்கவிட்டு, இரவு 2 மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்துப் பின்னர் தாம் உறங்கினார். மகன் கேட்ட புத்தகங்களுக்காக, மணமான மகள்களிடம் நகை வாங்கி அடகு வைத்தார். ராம்ஜி படைப்பிரிவில் ஆசிரியப் பணி செய்தவர், ஆங்கிலம் அறிந்தவர். அது எல்லாருக்கும் வாய்ப்பதன்று. வீடு அடங்கும் நேரத்தைப் பிள்ளைக்கென்று ஒதுக்கியது எந்தப் பெற்றோராலும் இயலக்கூடியது. இன்று பல குடியிருப்புகளில் அம்பேத்கர் பெயரில் இயங்கும் மாலைநேரப் படிப்பகங்கள், வீட்டில் கிடைக்காத இடத்தை ஊர்ப் பொதுவில் உருவாக்கியவை. அவ்வாறொன்று இல்லாத குடியிருப்பில், கல்லூரியில் படிக்கும் இரண்டு இளைஞர்களும் ஒரு சமுதாயக் கூடமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோரின் கையிலுள்ள வலுவான கருவி. சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வோ நேர்காணலோ நடத்தக் கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. "பெற்றோர் பட்டதாரியா, ஆங்கிலம் பேசுவீர்களா" என்று வடிகட்டும் பள்ளி சட்டத்தை மீறுகிறது. 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரையறுக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைக்கேற்பக் கூடுதல் கற்பித்தல் அளிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது இன்னொன்று. பின்தங்கிய பிள்ளைக்கு மறுபடி சொல்லிக்கொடுப்பது சலுகையன்று என்பதும், அதை டியூஷனுக்குத் தள்ளிவிட முடியாது என்பதும் இதிலிருந்து விளங்கும். ஆசிரியர்கள் தனியே டியூஷன் நடத்துவதை 28ஆம் பிரிவு தடைசெய்கிறது.

பெற்றோருக்கு விளங்காத மொழியில் எழுதி அனுப்புவது தெரிவித்தல் ஆகாது. டைரிக் குறிப்பும் சுற்றறிக்கையும் வாட்ஸ்அப் செய்தியும் தமிழில் வேண்டும் என்று பெற்றோர் பலர் சேர்ந்து எழுத்து வடிவில் கேட்க வேண்டும். எங்களுக்குத் தமிழில் எழுத ஆளில்லை என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம், ஆகவே தமிழாசிரியரும் அங்கே இருந்தாக வேண்டும். அதுவரை கைப்பேசிக் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும் செயலிகள் உதவும். டைரியைப் பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் சொல்வதை விட்டுவிட்டுப் படித்த வேறொருவரிடம் காட்டுவது, பிள்ளையைப் பொய் சொல்லும் நெருக்கடியிலிருந்தும் காப்பாற்றும்.

பள்ளிக்குப் போனால் "நல்லாப் படிக்கிறானா?" என்று கேட்டுத் திரும்புவதில் பயனில்லை. "பரவாயில்லை" என்ற ஒற்றைச் சொல் விடையாக வரும். பாடத்தை எந்த மொழியில் விளக்குகிறீர்கள், வகுப்பில் பிள்ளை கடைசியாக எப்போது வாய்திறந்து கேள்வி கேட்டது, எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் நிற்கிறது, அதற்காக வரும் மாதம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அரசுப் பள்ளி எனில், ஆங்கிலவழிப் பிரிவுக்கு ஆசிரியர் தனியே உண்டா, இல்லை இரு பிரிவுகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே ஆசிரியர் நடத்துகிறாரா என்பதையும் கேட்க வேண்டும். பெயர்ப்பலகையில் மட்டும் ஆங்கிலவழி இருக்கும் பள்ளிகள் உண்டு.

இக்கேள்விகளை எழுப்பும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும், நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுடைய பெற்றோருக்கு அவர்தம் விகிதத்துக்கேற்ப இடம் தரப்பட வேண்டும் என்பது 21ஆம் பிரிவு. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும் வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அதன் பணிகள். கூட்டம் வேலைநாளில் நடந்தால் ஒருநாள் கூலி போகும் என்பது உண்மை. முறைவைத்து இருவர் இருவராகச் செல்வதும், மாலையில் கூட்டம் நடத்தக் கோருவதும் நடைமுறையில் இயலக்கூடியவை. தனியார் சுயநிதிப் பள்ளிகளுக்கு இக்குழு கட்டாயமில்லை. இட ஒதுக்கீட்டில் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் தமக்குள் ஒன்றுசேர்ந்தால்தான் குரல் எழும்.

தமிழில் பேசினால் அபராதம், கழுத்தில் அட்டை, வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தல் ஆகியவற்றைப் பெற்றோர் 'கண்டிப்பு' என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. தாய்மொழிக்காக ஒரு பிள்ளையை அவமதிப்பது மனரீதியான துன்புறுத்தலே. எழுத்துவடிவப் புகாருக்கு ஒப்புகை பெற்று வைத்துக்கொள்வது நல்லது. பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றையும் அழைக்கலாம்.

நம் பிள்ளைகள் பற்றிச் சொல்லப்படும் "வகுப்பில் பேசுவதேயில்லை" என்ற குறையை எப்போதும் மொழியோடு மட்டும் முடிச்சுப்போட்டுவிடக் கூடாது. பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், தண்ணீர் எங்கே குடிக்கிறாய், கழிவறையைக் கூட்டச் சொன்னார்களா, உன் தெருப் பெயரைக் கேட்டார்களா என்று வீட்டில் மெதுவாக விசாரிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். பள்ளியில் நேர்ந்த துன்புறுத்தலைப் பற்றி அவர் புகார் செய்திருந்தார். பள்ளிகளில் சாதியை ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கயிறுகளைத் தடைசெய்வது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. வாய்மூடி இருக்கும் பிள்ளைக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்து, அப்பிள்ளை எதற்கு அஞ்சி வாய்மூடியது என்று கேட்காமல் விட்டால் இழப்பு பெரிது.

வழி மாறும் இடங்கள்

பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளிகள் சொல்லாத சில கணக்குகளும் உண்டு. தமிழ்வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2020இல் திருத்தப்பட்டது. முதல் வகுப்பு தொடங்கிப் பணிக்கான கல்வித் தகுதி வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்பதால், இடையில் சில ஆண்டுகள் ஆங்கிலவழிக்கு மாறினாலும் அவ்வுரிமை போய்விடும். 2020இல் மருத்துவப் படிப்புக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடோ பயிற்றுமொழியைப் பார்ப்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதே அதற்கு அடிப்படை. ஆங்கிலமும் வேண்டும், இந்த ஒதுக்கீடும் வேண்டும் என்று எண்ணும் குடும்பத்துக்கு அரசுப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவு ஒரு விடை. அப்பிரிவு ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்கும் சுமையும் அதோடு சேர்ந்தே வரும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவின்படி தனியார் பள்ளிகளில் நுழைவுநிலை வகுப்பில் 25 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகள் தமிழ்நாட்டில் வருமான வரம்பின்றி இதற்கு விண்ணப்பிக்கலாம். இவ்வொதுக்கீடு எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பின் வாசலில் முழுக் கட்டணத்தையும் கட்டு, அல்லது வெளியேறு என்று கேட்கும் வேளையில்தான் பல பெற்றோர் இதை அறிகின்றனர். ஏழாம் வகுப்பிலேயே அடுத்த பள்ளியைத் தேடத் தொடங்குவது நல்லது. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலவழிப் பிரிவு இருக்கிறதா என்று நேரில் சென்று பார்க்க வேண்டும். இல்லையெனில், எட்டாம் வகுப்பு ஆண்டு முழுவதும் தமிழ்வழிப் பாடநூல்களைப் பிள்ளை படித்துப் பழக வேண்டும். இச்சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு உரியவர்கள். மாணவிகள் கல்லூரிக்குச் செல்லும்போது மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டத்திலும் இவ்வழி வந்தவர்கள் பயன்பெறலாம். பிள்ளை இந்த ஒதுக்கீட்டில்தான் படித்தது என்பதற்கான சான்றைப் பள்ளியை விட்டு வெளியேறும் நாளிலேயே, மாற்றுச் சான்றிதழோடு சேர்த்துக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.